கர்னல் கடையில் கை தூக்கியவள்

உலகப் போர்களை எல்லாம் தேநீர் ஆற்றிக்கொண்டே நடத்தி முடித்தவர் பினாங்கில் ஒருவர்தான். ஜார்ஜ் டவுன் படகுத்துறை அருகே ‘தே தாரெக்’ எனும் இழுத்து ஆற்றும் பால் தேநீர்க் கடை வைத்திருக்கும் கர்னல் அண்ணன். பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்தவரல்ல. மீசையைப் பார்த்து நாங்களாகக் கொடுத்த பதவி.

அவருக்கு ஒரே கொள்கை.

“தானா வந்தவன்தான் சிப்பாய், தம்பி. இழுத்துட்டு வந்தவன் கைதி லா! முதல் உலகப் போர்ல வெள்ளைக்காரன் முதல்ல ஆள் கேட்டான். பத்தல, சட்டம் போட்டு இழுத்தான். அடுத்த போர்ல நம்ம ரப்பர் தோட்டத்து ஆளுங்களப் பாரு. ஜப்பான்காரன் சயாம்ல ரயில் பாதை போட ஆள் புடிக்க வந்தப்ப காட்டுக்குள்ள ஓடுனாங்க. இந்திய தேசிய ராணுவத்துக்கு அவங்களே போய்ப் பேரு கொடுத்தாங்க!”

கடையிலும் இதே சட்டம்தான். யாரையும் வேலை ஏவ மாட்டார். காலைக் கூட்டத்தில், “கிளாஸ் கழுவ யாரு வர்றா? சுயமா!” என்று முழங்குவார். நாங்கள் தட்டிலுள்ள ரொட்டி சானாயை உற்றுப் பார்ப்போம். கை தூக்குவது அவர் மகள் கவிதா மட்டும்தான்.

ஒருமுறை கோயில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க யாரும் முன்வரவில்லை. கர்னல் கோயில் கேட்டைப் பூட்டிவிட்டார். கோயில் தலைவர் உட்பட எல்லோரும் அழுதுகொண்டே உரித்தோம். சாம்பாரில் தோல் மிதந்தது.

“பாத்தியா? கட்டாயப் படை உரிச்சா இப்படித்தான்!” என்று அதையும் தன் வெற்றியாகவே கொண்டாடினார்.

போன மாதம் கவிதா ராணுவத்தில் சேர்ந்தாள். தானாகவே.

அன்று கர்னல் தேநீரில் சீனி போட மறந்தார்.

“என்னண்ணே, தானா போறவங்கதானே சிப்பாய்?” என்றேன்.

“அது உலகத்துக்குச் சொன்னது லா. போகாதேன்னு சொல்ல வாய் வரைக்கும் வருது. இத்தன வருசமா பேசுனது தடுக்குது.”

வழியனுப்ப நானும் பட்டர்வொர்த் ரயில் நிலையம் போனேன். ரயில் வந்துவிட்டது. கர்னல் மகளின் பையை விடவில்லை.

“அப்பா, பையை விடுங்க. நானாத்தான் போறேன்.”

பையை நீட்டினார்.

“நானும் நானாத்தான் விடுறேன்மா. யாரும் கட்டாயப்படுத்தல.”

மறுநாள் காலை கடையில் அதே ‘கிளாஸ் கழுவ யாரு வர்றா?’ முழக்கம். குரலில் பாதி காணவில்லை. வழக்கம்போல யாரும் அசையவில்லை. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.