துணைக்கு நிற்க ஓர் ஆள்

நான் கத்தவில்லை. கத்தினது நீ. ஃபோனை டப்பென்று வைத்ததும் நீ. நீ வைத்த பிறகு நான் சொன்ன வார்த்தைகள் உன் காதில் விழுந்திருக்காது, அதனால் அவற்றுக்கு நான் பொறுப்பில்லை. இந்த ஊர் ரோட்டில் கால் வைத்து எத்தனையோ வருஷம் ஆனவன், மோன்றியாலில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இங்கே யார் ரோடு போடுவான் என்று எனக்குச் சொல்லித் தருகிறாயா?

"கடிதம் இப்படியா ஆரம்பிக்கிறது? முதல்ல பேரைச் சொல்லுங்க, நலம் விசாரிங்க, அப்புறம் திட்டுங்க" என்கிறாள் எழுதுகிறவள். சரி, அப்படியே ஆகட்டும்.

என் பேரன்புக்குரிய தம்பி ஹலீமுக்கு, கஃப்ர் தூத் மேல்தெருவிலிருந்து உன் அண்ணன் தன்னூஸ் எழுதிக்கொள்வது. இங்கே முட்டியைத் தவிர நான் நலம். அங்கே நீயும் ஜூலியெத்தும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும், மே மாதத்திலாவது உங்கள் தலையில் பனி கொட்டாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இப்போது விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

எழுதுவது யார் என்று கேட்பாய். அஃபீஃபே. ஆமாம், பள்ளிக்கூடத்து அஃபீஃபேதான், இப்போது எங்கள் அணியில் நகராட்சித் துணைத் தலைவருக்கு நிற்கிறவள். காலையில் ஓட்டுக் கேட்டு வந்தாள். என் கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே, கோழி நடந்த மாதிரி இருக்கும், நீ பாதியில் தூக்கிப் போட்டுவிடுவாய். அதனால், "உட்காரு, தம்பிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு, அப்புறம் ஓட்டைப் பத்திப் பேசலாம்" என்றேன். "உங்க ஓட்டு எப்பவோ எங்களுக்குன்னு சொல்லிட்டீங்களே அண்ணே" என்றாள். "சொன்னேன்தான். கடிதம் எழுதலைன்னா மறந்துடுவேன்" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்வதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். ஆகவே தலைவருக்கு நிற்கிற எங்கள் வதீஃயைப் பற்றி ஃபோனில் நீ சொன்னதையும் அப்படியே சொல்கிறேன், அவளே எழுதட்டும். "வதீஃ மருந்துக்கடைக்காரன். ரோட்டுல குழி விழுந்தா ஆஸ்பிரின் போடுவான். அவனுக்குத் துணைக்கு அந்த அஃபீஃபேயா? அவ பேச ஆரம்பிச்சா நகராட்சிக் கூட்டம் அடுத்த தேர்தல் வரைக்கும் முடியாது." சொன்னாயா இல்லையா?

(எழுதிவிட்டேன். ஹலீம், நீ நினைக்கிற அளவு நான் பேசுவதில்லை. கேட்கிறவர்கள்தான் மெதுவாகப் புரிந்துகொள்கிறார்கள். அஃபீஃபே.)

பார்த்தாயா, அடைப்புக்குறி போட்டுப் பதில் சொல்கிறாள். இந்தத் துணைத் தலைவரைத் தேடி நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது, தலைவர் கீழ்த்தெரு என்றால் துணைத் தலைவர் மேல்தெரு. இரண்டு தெருவும் தராசு மாதிரி சமமாக நிற்கிறது. போன தேர்தலில் எதிர் அணி மில்ஹேம் ஜெயித்தது ஒரு வேனில் உட்காரும் ஆட்களால்தான், அந்த வேனும் பெய்ரூத்திலிருந்து டயர் வெடிக்காமல் வந்ததால்தான். இந்த முறை அதைவிட நெருக்கம். வதீஃ நல்லவன், இருமல் மருந்தைக் கடனுக்குக் கொடுத்தே கீழ்த்தெருவைப் பிடித்து வைத்திருக்கிறான், ஆனால் மேல்தெருவில் யாருக்கும் இருமல் வருவதில்லை, காற்று அப்படி. அதனால் மேல்தெருவை இழுக்க ஓர் ஆள் வேண்டும் என்று வதீஃ வீட்டில் கூடினோம். காப்பி மேல் காப்பி. மாமிசக்கடை ஷாஹீனை நிறுத்தலாம் என்று ஒருவன் சொன்னான். நல்ல யோசனை, பெரிய குடும்பம், கணீரென்ற குரல். மறுநாளே அவனைக் கூட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போனோம். முதல் வீட்டு அம்மா கதவைத் திறந்தாள், ஷாஹீனைப் பார்த்தாள், "ஈஸ்டருக்கு நீ கொடுத்தது ஆடா, இல்ல ஆட்டோட பாட்டனா? இன்னும் பல்லுல மாட்டிக்கிட்டிருக்கு" என்றாள். ஷாஹீன் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? "உன் பல்லு சரியில்லைன்னா என் ஆடு என்ன பண்ணும்?" என்றான். அந்த வீட்டில் வயசுக்கு வந்த ஓட்டு ஒரு வண்டி கொள்ளும், ஹலீம். மத்தியானத்துக்குள் நாங்கள் மூன்று குடும்பத்தை இழந்திருந்தோம், அதில் ஒன்று ஷாஹீனின் சொந்தக் குடும்பம்.

திரும்பவும் கூடினோம். திரும்பவும் காப்பி. எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். அப்போது ரொட்டிக்கடை ஃபார்ஸ் சொன்னான், "நம்ம ஹலீம் நின்னா?" என்று. அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஹலீம்னா சரி" என்றான் கீழ்த்தெருக்காரன். "ஹலீமுக்கு எங்க வீட்டுல எல்லா ஓட்டும்" என்றான் மேல்தெருக்காரன். ஒருவரை ஒருவர் வெட்டுவேன் குத்துவேன் என்று திரிகிற ரெண்டு பேர் கை குலுக்கினார்கள். "அவன்தான் இங்க இல்லையே" என்றான் வதீஃ. "அதுதான் அவன்கிட்ட இருக்கற நல்ல குணம்" என்றான் ஃபார்ஸ். "இங்கயே இருந்திருந்தா அவனையும் பத்துப் பேருக்குப் பிடிக்காமப் போயிருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. உன் பேரை அவன் சொன்னதும் நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன், நீ செருப்பைத் தட்டிக்கொண்டு உள்ளே வருகிறாயோ என்று. வெட்கமில்லாத கிழவன்.

(இதை அவர் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அ.)

அதையெல்லாம் ஏன் எழுதறே, நான் சொல்றதை மட்டும் எழுது.

கடைசியில் அஃபீஃபே. அவளுக்கு மேல்தெருவில் எதிரியே இல்லை, மாணவர்கள்தான் இருக்கிறார்கள், அதுதான் பிரச்சினை. இந்த ஊரில் தாடி முளைத்த ஒவ்வொருவன் உள்ளங்கையிலும் அவள் மரஸ்கேலின் கோடு இருக்கிறது. போஸ்டருக்குப் படம் எடுக்கப் போனால் சிரிக்க மாட்டேன் என்றுவிட்டாள். "நான் ஓட்டுக் கேட்கறேன், பல் டாக்டரைக் கேட்கலை" என்றாள். அந்தப் போஸ்டரை ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டினோம். அன்றிலிருந்து ரொட்டி வாங்குகிற வரிசை நேராக நிற்கிறது, ஹலீம். ஒருத்தனும் இடிப்பதில்லை. ஃபார்ஸ் சந்தோஷமாக இருக்கிறான், எனக்குத்தான் கவலை. அவளோடு வீடு வீடாகப் போனேன். அந்தச் சலூனில் முடி வெட்டுகிற நஜீப், தலையில் ஒரு முடி இல்லை, பேரன் எடுத்தவன், அவளைப் பார்த்ததும் சிகரெட்டைக் கையால் நசுக்கி அணைத்துவிட்டு எழுந்து நின்றான். "என் ஓட்டும் என் வீட்டு ஓட்டும் உங்களுக்குத்தான் டீச்சர்" என்றான். அவள் முன்னே நடந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தான். "தன்னூஸ், ஏழாம் வாய்ப்பாட்டுக்காக என்னை ஒரு நாள் முழுக்க நிக்க வைச்சா. ஓட்டுச்சாவடியில திரைக்குப் பின்னாடி ஒரு பேனா இருக்கும்ல? பேனா மட்டும்தான் இருக்கும், டீச்சர் இருக்க மாட்டா" என்றான். புரிகிறதா என் கவலை? நம் ஊர்க்காரன் ஒருத்தனாவது அணி பேர்களை அச்சடித்துக் கொடுத்த சீட்டை அப்படியே ஓட்டுப்பெட்டியில் போட்டிருக்கிறானா? திரைக்குப் பின்னால் போய் பிடிக்காதவன் பேரில் ஒரு கோடு, பிடித்தவன் பேரைப் பக்கத்தில் கிறுக்கல், அப்போதுதான் அவனுக்கு ஓட்டுப் போட்ட மாதிரி இருக்கும். தலைவர் ஜெயித்து, துணைத் தலைவர் பேர் மட்டும் கோட்டுக்கு அடியில் கிடந்தால் மேல்தெருவுக்கு என்ன மிச்சம்?

(நஜீப் சொன்னது எனக்கு இப்போதுதான் தெரியும். ஏழாம் வாய்ப்பாடு அவனுக்கு இன்னும் வராது. அ.)

நீ தாங்கிப் பேசுகிற எதிர் அணியைப் பார். மில்ஹேம் கல்குவாரிக்காரன், ரோடு போட்டால் அவன் கல்லுக்குத்தான் லாபம், அது கிடக்கட்டும். அவன் துணைக்குப் பிடித்திருப்பது நௌஃபலை! மேல்தெரு நௌஃபல், இன்றுவரை எதைப் பற்றியும் ஒரு கருத்துச் சொல்லாதவன். மழை வருமா என்று கேட்டால்கூட "மேகம் இருக்கு, வெயிலும் இருக்கு" என்பான். அவன் செய்கிற ஒரே வேலை எழவுக்குப் போவது. எந்த வீட்டு எழவிலும் வீட்டுக்காரரைவிட அதிகம் அழுவான். போன வாரம் கீழ்த்தெருவில் ஒரு சாவு. நௌஃபல் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதான், செத்தவரின் மகன் என்னிடம் வந்து, "இவரு எங்கப்பாவுக்கு எப்படி உறவு?" என்று கேட்டான். "ஓட்டு வழியில உறவு" என்றேன். இப்படிப்பட்ட ஆள் பேரில் எவன் கோடு போடுவான், சொல்லு? நம்ம அஃபீஃபேயை அழச் சொன்னேன். "யாரு செத்தா?" என்று கேட்கிறாள்.

அதனால்தான் உனக்கு ஃபோன் பண்ணேன். ஒரே ஒரு ஓட்டு என்று நீ நினைக்கிறாய். உன் பேரும் ஜூலியெத் பேரும் இன்னும் இந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. நீங்கள் ரெண்டு பேர் வந்தால், உங்களைப் பார்த்து மேல்தெருவில் இன்னும் பத்துப் பேர் வருவார்கள். ஹலீமே அஃபீஃபே பேரில் கோடு போடலையாம் என்று தெரிந்தால் நஜீப்கூட பேனாவைக் கீழே வைப்பான். வதீஃயால் டிக்கெட் எடுத்துத் தர முடியாது, மில்ஹேம்தான் தனக்கு ஓட்டுப் போட வருகிற வெளிநாட்டு நம்மூர்க்காரர்களுக்கு விமான டிக்கெட் கொடுக்கிறான், நீ உன் காசில்தான் வரணும். வந்தால் பச்சை வாதுமைக்கு இன்னும் பருவம் இருக்கிறது, உப்புத் தொட்டுத் தின்னலாம். உன் கட்டிலுக்கு மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். உன்னை எதிர்பார்த்து இல்லை, மெத்தையில் பூச்சி.

ஆகவே என் தம்பியே, கோபத்தை விட்டுவிட்டு யோசி. அடுத்தவன் கொடுக்கிற டிக்கெட்டில் ஏறி வந்து அடுத்தவனுக்கு ஓட்டுப் போடுவது நம் அப்பா பேருக்கு அழகில்லை. வதீஃக்குப் போடு, அஃபீஃபேக்குப் போடு, பேனாவைத் தொடாதே. ஜூலியெத்துக்கு என் அன்பு, பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம், உன் பிள்ளைகள் தலையெடுத்து உன்னைவிட மரியாதையாக ஃபோனை வைக்கக் கற்றுக்கொள்ளட்டும், மாதா உன் வீட்டுக் கூரையைக் காக்கட்டும். ஃபார்ஸின் மகள் நாளை மோன்றியாலுக்குத் திரும்பிப் போகிறாள், அவளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் அண்ணன்,
தன்னூஸ்

பின்குறிப்பு: கிளம்பாதே அஃபீஃபே, இன்னும் நாலு வரி இருக்கு. ஹலீம், மேலே எழுதினதெல்லாம் கிடக்கட்டும். நேத்து நான் நௌஃபல் வீட்டுக்குப் போனேன். மில்ஹேம் டிக்கெட்டுக்கு அங்கேதான் பேர் எழுதுறாங்க. உன் பேரையும் ஜூலியெத் பேரையும் கொடுத்தேன். "உன் தம்பி எங்க ஆளா?" என்றான். "உங்க ஆளாவா? உங்களுக்காக என்னையே திட்டி ஃபோனை வைச்சவன்" என்றேன். அவன் உடனே அழுதான், என்னைக் கட்டிக்கொண்டான், எழுதிக்கொண்டான். அதனால் டிக்கெட் வரும், வாங்கிக்கோ. மில்ஹேமுக்கே போடு, நௌஃபலுக்கும் போடு. உன் ஓட்டும் என் ஓட்டும் ஒன்றை ஒன்று அடிச்சுக்கிட்டுப் போகட்டும், ஒரே காரில் சாவடிக்குப் போவோம், போற வழியெல்லாம் சண்டை போடுவோம். இந்த வீட்டுல நான் சத்தம் போட்டு நாளாச்சுடா. ஒருத்தனே ரெண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கு. வந்து நீ ஒரு பக்கம் பேசு. எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. அஃபீஃபே, ஏன் நிறுத்திட்டே, எழுது

இனிமேல் என் கையெழுத்து. பொறுத்துக்கொண்டு படி. அவள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு ஓட்டுக்காக வந்தவளை உட்கார வைத்து, அவளுக்கு எதிராக ரெண்டு ஓட்டை அவள் கையாலேயே எழுத வைத்திருக்கிறேன், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அவள், "நௌஃபல் வீட்டுல பேரு எழுதறது எப்ப வரைக்கும்?" என்று கேட்டாள். "உனக்கு எதுக்கு?" என்றேன். "சிட்னியில என் தங்கச்சி இருக்கா அண்ணே. என்னோட பேசறதில்லை. வந்தா கண்டிப்பா எனக்கு எதிராத்தான் போடுவா. என் பேருல ரெண்டு கோடு போடுவா. அப்படிப்பட்டவளுக்கும் டிக்கெட் தருவாங்கல்ல?" என்றாள். தருவான், தாராளமாகத் தருவான், ஆனால் நீ வேட்பாளர், உன்னைப் பார்த்தால் சந்தேகப்படுவான், அவனிடம் எப்படிப் பேசணும் என்று நான் சொல்லித் தருகிறேன், முதலில் கொஞ்சம் அழு, அவன் அதில் கரைந்துவிடுவான், என்று ஆரம்பித்தேன். அழு என்ற வார்த்தை என் வாயிலிருந்து வருவதற்குள் அவள் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள். அழச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, ஹலீம். போகும்போதே முந்தானை இல்லாத குறைக்கு, ஓட்டுக் கேட்கிற துண்டுத்தாளால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் போகிறாள்.