மாப்பிள்ளையின் பூனைக்குப் பச்சைக் கறி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் புது வேலை கிடைத்த இடத்தில் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். பூனையை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனவர்களின் சௌக்கியத்துக்கு என்ன குறை. நாங்களும் ஏதோ இருக்கிறோம்.

“பூனை புலி வம்சம் மாமா, பச்சைக் கறிதான் அதுக்கு இயற்கை, பாக்கெட் தீனியெல்லாம் குப்பை” என்று செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் நடத்திய வகுப்பை நான் மறக்கவில்லை. காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்திய கை, இப்போது கோழிக் கழுத்து நறுக்குகிறது. தினமும் ஈரலும் கழுத்துமாகவே கேட்கும் என்னைப் பார்த்து, “வீட்ல ஏதும் கஷ்டமா சார்?” என்று கறிக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி விசாரித்துவிட்டு, ஒரு பிடி அதிகம் போட்டார். உங்கள் புலியோ அதைக் கிண்ணத்தில் தின்னாது. கவ்விக்கொண்டு போய் என் தலையணைமேல் வைத்துத்தான் தின்னும். மிச்சத்தை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் சேமிக்கும். குக்கர் விசில் அடித்தால் மட்டும் வம்சப் பெருமையை மறந்து பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

பாக்கெட் தீனிக்கு மாறலாம் என்றேன். “மாப்பிள்ளை படிச்சவரு, காரணமில்லாம சொல்ல மாட்டாரு” என்றாள் உங்கள் மாமியார். நான் மட்டும் படிக்காதவனா என்று கேட்டதற்கு, “நீங்க மத்தவங்க எழுதினதப் படிச்சவரு” என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. “காபி ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லு” என்று பூனையிடம்தான் சொல்வாள். நானும் விடவில்லை. பாக்கெட் வாங்கி அகராதிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் பூனைக்குப் பரிமாறினேன்.

போன வாரம் அது கட்டிலுக்கடியில் படுத்ததுதான், கறியையும் சீந்தவில்லை, பாக்கெட்டையும் சீந்தவில்லை. வயிறு கல்லாக இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். “ஏங்க, ஏதாவது பண்ணுங்க” என்றாள், நேராக என்னிடமே. துணிப்பையில் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

“என்ன சாப்பாடு போடுறீங்க?” என்றார் மாட்டு டாக்டர், பூனையும் பார்ப்பார்.

“பச்சைக் கறி” என்றாள் அவள்.

“பாக்கெட்” என்றேன் நான், அதே மூச்சில்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ரெண்டுமே முழுச் சாப்பாடா? தின்னே மலச்சிக்கல் வந்திருக்கு. கறின்னா எல்லாச் சத்தும் சேர்ற மாதிரி பார்த்துக் குடுக்கணும், பாக்கெட்னா அளவாக் குடுக்கணும். எதுன்னு முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க.”

ஊசி போட்டார். இப்போது தேவலை. என் மானம்தான் இன்னும் தேறவில்லை. ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து தங்கள் புலியை அழைத்துச் செல்லவும். சாக்குப்போக்கு எதுவும் செல்லாது.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, பாக்கெட்டில் வராத சாப்பாடு சாப்பிட்டு நீடூழி வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: இதை உங்கள் மாமியார் படித்துவிட்டாள். பூனையை அனுப்புவதற்கில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வருவதானால் என்னை அழைத்துப் போகச் சொல்கிறாள். எது போட்டாலும் சாப்பிடுவேன் என்பதையும் எழுதச் சொன்னாள்.