நண்டின் மேல் விழுந்த கோடு

கம்ப்யூட்டரில் ஃபில்டர் என்று ஒன்றைப் போட்டால், அது மானிட்டரின் கண்ணாடி மேல்தான் படியும், உள்ளே இருக்கிற படத்தைத் தொடாது என்று நான் நம்பினேன். கூலிங்கிளாஸ் மாதிரி. நான் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டால் எதிரே நிற்கிறவன் கறுத்தா போய்விடுகிறான்? (இந்தக் கேள்வியை நானே கேட்டு, நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது.)

இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் டிசைன் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி குழந்தைவேல் அண்ணன் என் மேஜையில் இருந்த டப்பா மானிட்டரைத் தூக்கிவிட்டுத் தட்டை மானிட்டர் ஒன்றை வாங்கி வைத்தார். அதில் எல்லாமே பளிச்சென்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் நான் ஆடுகிற பழைய டிவி கேம் மட்டும் நாசமாய்ப் போனது. அந்த கேமில் கல்லெறிகிற நண்டு ஒன்று உண்டு. டப்பா மானிட்டரில் உருண்டையாக இருந்த நண்டு, இதில் பாத்ரூம் டைல்ஸை ஒட்டிச் செய்தது போல் கட்டம் கட்டமாக நின்றது. சொந்தக்காரனுக்கு மொட்டையடித்துவிட்ட மாதிரி எனக்கு ஆத்திரம்.

கேமின் மெனுவைக் குடைந்ததில், பழைய டிவி மாதிரி காட்டுகிற ஃபில்டர் அகப்பட்டது. டிக் அடித்தேன். படத்தின் குறுக்கே, மேலிருந்து கீழ் வரை, மெல்லிய கறுப்புக் கோடுகள் வரிசையாக விழுந்தன. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் கோடு மறைந்து, கட்டங்களின் முனை மழுங்கி, நண்டுக்கு முதுகும் வயிறும் வந்துவிடும். நான் நாற்காலியைச் சுவர் வரைக்கும் தள்ளிப் போட்டு ஆடினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒருத்தன் மெயில் அனுப்பினான். குழந்தைகள் ஸ்வெட்டருக்குப் பழைய வீடியோ கேம் மாதிரி ஒரு உருவம் வேண்டும், சாம்பிள் உடனே வேண்டும். அன்று சாயங்கால கூரியரில் போனால் ஆர்டர் நமக்கு, இல்லாவிட்டால் இன்னொருத்தனுக்கு. நான் யோசிக்கவே இல்லை. நண்டை நிறுத்தி, திரையை அப்படியே காப்பி எடுத்து, டிசைன் சாஃப்ட்வேரில் ஒட்டி, கலரைக் குறைத்து, கீழே ஓடும் கம்ப்யூட்டர் ஜக்கார்டு மிஷினுக்கு அனுப்பினேன். அந்த மிஷின் படத்தில் ஒரு புள்ளி இருந்தால் துணியில் ஒரு நூல் லூப் போடும். சொந்தமாக எதுவும் யோசிக்காது. (அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஜாதி.)

ஒட்டின படத்திலும் கோடு தெரியத்தான் செய்தது. 'பரவாயில்லையே, கண்ணாடியில ஃபில்டர் இன்னும் இருக்குது' என்று ரசித்துக்கொண்டே அனுப்பினேன்.

மத்தியானம் துணி வந்தது. சிவப்பு நண்டு. அதன் மேல் வரிசையாகக் கறுப்புக் கோடுகள்.

திருப்பூரில் துணியில் குறுக்குக் கோடு விழுந்தால், இழவு வீட்டில் கூட அதைப் பற்றித்தான் பேசுவார்கள். பயம் வெளியே தெரியக்கூடாதே என்று கத்தினேன். மிஷின் ஓட்டுகிற தங்கதுரையிடம் ஓடினேன். நாங்குநேரிக்காரன், என் வயசுதான்.

"ஏப்பா, நூலை மாத்திப் போட்டுட்டியா? கண்ணு எங்க வெச்சிருந்த?"

"என்ன சார் பேசுதீய? நூல் கோன் பூரா ஒரே லாட்டு, ஒரே சாயம். வந்து பாரும்."

"அப்ப நூல் டென்ஷன் சரியில்ல. மிஷினை விட்டுட்டு டீக் குடிக்கப் போயிட்ட."

"நீரு குடுத்த படத்தத்தான் மிஷினு பின்னுது. நான் என்ன கரிக்கட்டையக் கொண்டா கோடு கிழிச்சேன்?"

சத்தம் கேட்டுக் குழந்தைவேல் அண்ணன் வந்துவிட்டார். நான் துணியை அவர் முகத்துக்கு நேரே விரித்தேன். "இவனை வெச்சுக்கிட்டு எக்ஸ்போர்ட் பண்ண முடியாதுங்ணா. ஒண்ணு இவன், இல்ல நான்."

அண்ணன் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கதுரை, இன்னியோட நின்னுக்கப்பா" என்றார்.

அவன் முகம் செத்துவிட்டது. "மொதலாளி, பள்ளிக்கூடம் தொறந்து ஒரு மாசம் ஆவல. ரெண்டு புள்ளையள வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

அத்தோடு விட்டிருக்கலாம். சனியன், எனக்கு வெற்றி போதவில்லை. "மேல வாங்க எல்லாரும்! என் படம் எவ்வளவு சுத்தமா இருக்குதுன்னு காட்டறேன்!" என்று படியேறினேன். பின்னால் முதலாளி, தங்கதுரை, வேடிக்கை பார்க்க ஆறேழு பேர்.

படத்தைத் திறந்தேன். கோடு.

"அதா கோடு" என்றான் தங்கதுரை.

"யோவ், அது கண்ணாடி மேல இருக்கறது. படத்துல இல்ல. இப்பப் பாரு!" என்று படத்தைப் பெரிசாக்கினேன்.

கோடும் பெரிசானது. இன்னும் பெரிசாக்கினேன். ஒவ்வொரு கோடும் விரல் தடிமனுக்கு வந்துவிட்டது. நான் கைக்குட்டையால் மானிட்டரைத் துடைத்தேன். (ஆமாம், துடைத்தேன். அத்தனை பேர் முன்னால்.)

குழந்தைவேல் அண்ணன் சாதாரணமாக என்னை வா போ என்றுதான் பேசுவார். கோபம் தலைக்கேறினால்தான் மரியாதை வரும்.

"ஏனுங் சார்," என்றார் மெதுவாக. "கண்ணாடில இருக்கற கோடு இப்படி வீங்குமுங்களா?"

"அது வந்துங்ணா..."

"இல்லீங்க, தெரியாமத்தான் கேக்கறனுங்க. உங்குளுக்கு நான் ஏதாச்சு கெடுதல் பண்ணீட்டனுங்களா?"

தங்கதுரை என்னைப் பார்த்தான். அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். "எம் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தீரே, நீரு நல்லா இருப்பீரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனான். முதலாளி பின்னாலேயே போய் அவனைச் சமாதானம் பண்ண வேண்டியிருந்தது.

இன்றைக்கும் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று வீட்டில் நான் குரலை உயர்த்தினால், என் மனைவி சுமதி கரண்டியைக் கீழே வைப்பதில்லை. "ஏனுங்க, மொதல்ல மானிட்டரைத் தொடச்சுட்டு வாங்க" என்பாள். இதை அவளுக்குச் சொன்னவன் எவன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குக் கூரியர் போகவில்லை. ஆர்டர் வேறொரு கம்பெனிக்குப் போனது. தங்கதுரை அதே மிஷினில் இருந்தான். நான் மறுநாள் காலையிலிருந்து பேக்கிங் செக்ஷனில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினேன்.