ஐந்து படி மலை

மலையே இல்லாத ஊரில் ஐந்தாண்டுகள் மலைக்கோயில் நடத்திய பெருமை, லண்டன் கோலியர்ஸ் வுட் 'மலைமுருகன் ஆலய நிர்மாண சபை' ஒன்றையே சாரும். 1986இல் பிறந்த அந்தச் சபைக்கு யாப்பு என்ற சட்டவிதிப் புத்தகம் இருந்தது. யாப்புக்கு ஒன்பது திருத்தங்கள் இருந்தன. முருகன் மட்டும் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் கராஜில், புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், 'தற்காலிகமாக' எழுந்தருளியிருந்தார்.

இந்தத் திருப்பணியின் அருமை அருமைநாயகிக்கு விளங்கவில்லை. மகள் கோதை, காசுக்கு ஆள் கூட்டிவரும் ஏஜென்சிக்காரனோடு ஊரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டு, மொஸ்கோவில் இரண்டு மாதம் தகவலில்லாமல் கிடந்தபோது, பிள்ளை வந்து சேர்ந்தால் படியேறிக் கும்பிடுகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தாள். பிள்ளை வந்துவிட்டாள். வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கு அகதி விசாரணை. நேர்த்தியைத் தீர்க்காமல் அனுப்பத் தாய்க்குப் பயம். பயத்தில் சோறு இறங்கவில்லை.

கராஜிலாவது கும்பிட விடுங்கள் என்று, ஐந்து வருட அங்கத்தவர் என்ற உரிமையில் தலைவரிடம் கேட்டாள். தலைவர் அதை முறைப்படி சபையில் வைத்தார். கராஜில் படி இல்லை என்பது ஏகமனதாக நிறைவேறியது. படி அமைப்பது பற்றி ஆராய ஓர் உபகுழுவும் உதயமானது.

அவளின் பக்கத்து வீட்டு மொரிமுரா என்ற ஜப்பான்காரரோ, சபை எதுவும் கூட்டத் தெரியாத அப்பாவி. தன் ஊர் மலைத் தெய்வத்துக்குப் பின்வளவில் மண்ணைக் குவித்து, ஐந்து கல்லைப் படியாகப் பதித்து, மேலே மரத்தில் ஒரு சின்ன ஷின்டோ கோயில் வைத்திருந்தார். உள்ளே சிலைகூட இல்லை. திங்கட்கிழமை அருமைநாயகி வேலிக்கு மேலால் கைச்சாடையில் கேட்டாள். அவர் குனிந்து வணங்கி வழிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து படியும் ஏறினாள்.

"முருகா, இது உன்ர மலை இல்லையெண்டாலும், இவரிட்ட வழி விசாரிச்சாவது வா" என்று சொல்லி அழுதாள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை நல்லபடி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையின் அவசரக் கூட்டம் கூடியது. நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயம்: 'அந்நியப் படியேற்றம்'.

"எங்கட முருகன் இருக்க, ஏனம்மா அங்க ஏறினனீங்கள்?" தலைவரின் குரல் துக்கத்தில் தோய்ந்திருந்தது. "எங்களிட்ட இல்லாத படி அங்க என்ன கிடக்கு?"

அருமைநாயகி எழுந்தாள்.

"எங்களிட்டத்தான் கூடப் படி, அண்ணை. யாப்பின்படி, தீர்மானத்தின்படி, நீங்கள் சொன்னபடி... அஞ்சு வருசமா எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன். கால் வைக்கத்தான் ஒண்டும் இல்லை."