ஒப்பண்ணன் மாற்றி வைத்த கடிதங்கள்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். மறதியும் உண்டு, முன்னே நடந்ததைப் பின்னேயும், பின்னே நடந்ததை முன்னேயும் போட்டுவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் தடுமாறாமல் சொல்வேன். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும், ஒப்பண்ணனைப் போலச் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்குகிற ஒரு மனிதர் கிடைக்க மாட்டார். அந்தச் சட்டம்தான் எங்கள் வீட்டைக் கெடுத்தது.

எங்கள் பக்கம் கையெழுத்துக்கு ‘ஒப்பு’ என்று சொல்வது. அவர் முப்பது வருஷம் தபால்காரராக நடந்தவர். ஒப்பு வாங்காமல் ஒரு சாமானை இன்னொரு கைக்குக் கொடுக்க அவரால் முடியாது. மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோதுகூட கார்டோடு ஒரு நோட்டையும் நீட்டினார்.

“ஒப்பு போடு தங்கச்சி. பிறவு கார்டு கிட்டல்லேண்ணு ஒருத்தரும் சொல்லப்பிடாது.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “இது என்ன பெரிசு? ஒரு கிளாஸ் சாயா குடுத்தா ‘கிட்டி’ண்ணு எழுதித் தருவாரு. நல்லாயிருக்குண்ணு இதுவரைக்கும் ஒருநாளும் எழுதல்ல.”

பென்ஷன் ஆனதும் ஸ்டேஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை போட்டார். அந்தக் காலத்தில் கல்ஃபில் ஆள் இருந்த வீடுகளுக்கெல்லாம் மெயில் அவர் கடை விலாசத்துக்குத்தான் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். தான் பை தோளில் போட்டு நடந்த வழியிலேதான் அவற்றை வரிசையாக அடுக்கியிருந்தார். முதலில் சர்ச் வளைவு வீடு, அப்புறம் நாய் வீடு, அப்புறம் குளத்தங்கரையில் நாங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் செல்லையன் அங்கே ஒரு லேபர் கேம்பில் சமையல். வீட்டில் இருந்தால் மூன்று வார்த்தை பேசுவார், அதில் ஒன்று இருமல். மெயிலில் மட்டும் ஆளே வேறு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார். எனக்கு அந்த எழுத்து தெரியாது. சனிக்கிழமை கடைக்குப் போவேன். கடையில் என்னைத் தவிர ஒரு ஈ காக்கை இருக்காது. இருந்தாலும் ஒப்பண்ணன் எழுந்து நின்று, “குளத்தங்கரை செல்லையன் வீடு! ஆளு உண்டா?” என்று ரோட்டுக்குக் கேட்கக் கூப்பிடுவார். ஒப்பு வாங்குவார். அதற்கப்புறம்தான் படிப்பார். சாவுத் தந்தியையும் கல்யாண வாழ்த்தையும் ஒரே குரலில் படித்துப் பழகியவர்.

“‘இங்கத்த மீனுக்கு மணமே கெடையாது. பூவாறு மீன் செத்த பிறவும் பேசும். இது உயிரோட இருக்கச்சிலயே ஊமை.’ முற்றும்.”

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார். அடுத்தவர் கடிதத்துக்குத் தபால்காரன் சிரிக்கக் கூடாது என்பது சட்டமாம். ஒரு பேப்பரில் எடுத்துத் தாருங்கள் என்று ஒருமுறை கேட்டேன். “கடிதாசை நகலெடுக்குத போஸ்ட்மேன் நானல்ல” என்று சொல்லிவிட்டார்.

செல்லையன் ஊரோடு வந்து சேர்ந்த இரண்டாம் வருஷம் வாதம் வந்து விழுந்தார். வலது கையும் போயிற்று, பேச்சும் போயிற்று. வைத்தியம் பார்க்காத இடமில்லை. கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தார். அந்தப் பழைய மெயில்களைப் படித்துக் காட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஒப்பண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

“எழுதினவனுக்கே எப்பிடி டெலிவரி செய்ய? ஆளில்லாம திரும்பி வந்த தபாலையாக்கும் எழுதினவனுக்குக் குடுப்பது. இது நீ வாங்கினது.”

“அப்ப எனக்கே படியுங்க அண்ணா. அவிய பக்கத்துல கிடப்பாவ. காது அடைச்சு வைக்கணும்ணு சட்டம் உண்டா?”

யோசித்தார். அப்படிச் சட்டம் இல்லை. சனிக்கிழமைதோறும் அந்த மெயில் பெட்டி தெரிகிற போனை எடுத்துக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்று எனக்குப் படித்தார். மீன் கடிதம் வந்ததும் செல்லையனுடைய இடது கடைவாய் கொஞ்சம் மேலே ஏறியது. அது சிரிப்பு. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் மீதி ஆறு நாளைத் தள்ளினேன்.

அப்படியிருக்கும்போதுதான், அந்தப் பழைய மெயில் பெட்டியை மூன்று மாசத்தில் மூடப்போகிறோம், உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெயில் கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது. செல்லையனின் சொந்தப் பெட்டியிலும் எல்லாம் இருந்திருக்கும். அதன் பாஸ்வேர்டு அவர் வாயில் இருந்தது. வாய் திறக்கவில்லை. கடிதங்களைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேர்த்து வைக்கிற ஒரு மெயில் புரோகிராமை ஒப்பண்ணனின் மருமகள் வந்து கடையில் போட்டுக்கொடுத்தாள். அவள் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். நானும் அன்றைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஃபோல்டர்கள் தெரிந்தன. அந்தப் புரோகிராம் அவற்றை எழுத்து வரிசைப்படி அடுக்கிவிட்டது. ஒப்பண்ணன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“எலே! குளத்தங்கரை முதல்லயா? அங்க போயிட்டு, திரும்பி சர்ச் வளைவுக்கு வந்து, பிறவு நாய் வீட்டுக்கா? எனக்க காலு ஒடிஞ்சு போவுமே!”

“மாமா, நீங்க இப்ப நடக்கல்லியே” என்றாள் மருமகள்.

“நடக்கல்லேண்ணா வழி மாறிப்போவுமா?”

அவள் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு நம்பர் போட்டு வழியைச் சரியாக்கினாள். அரை நாள் அதிலேயே போனது. அடுத்ததாகக் கடிதங்களை நகலெடுக்கவா, நகர்த்தவா என்று அந்தப் புரோகிராம் கேட்டது.

“நகல் எடுத்தா போதும் மாமா. அது அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும்.”

“ஒரு கடிதாசு எப்பிடி ரெண்டு எடத்துல இருக்கும்? டெலிவரி ஆன தபால் ஆபீசுல கெடந்தா எனக்க வேலையே போயிருக்கும். நகர்த்து!”

“ஏதாவது ஆச்சுண்ணா?”

“என்ன ஆவும்? நான் இங்கின உண்டுல்லா!”

நகர்த்தினார்கள். எங்கள் ஃபோல்டர் வந்து சேர்ந்ததும் என்னிடம் ஒப்பும் வாங்கிக்கொண்டார். நானும் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் வாய் திறந்து, அந்தப் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு எப்போதும் நாலு பேர் இருக்கிற இடத்தில் குரல் வராது.

நாலு நாளோ ஐந்து நாளோ கழிந்தது. துலா மாச மழை, அதுதான் ஐப்பசி மழை, தெரியுமே, மத்தியானம் வெயில் அடிக்கும், மூன்று மணிக்கு வானம் பிளக்கும். அப்படி விழுந்த ஒரு இடி கரண்ட் கம்பி வழியாகக் கடைக்குள் இறங்கியது. நான் ஓடிப்போனபோது கம்ப்யூட்டரிலிருந்து எரிந்த வாடை வந்துகொண்டிருந்தது. நெய்யாற்றின்கரையில் ரிப்பேர் செய்கிறவர் அதைப் பிரித்துப் பார்த்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்றார். “சாரமில்ல, கவலப்படாதீங்க, பழைய பெட்டியில நகல் இருக்குமே?” என்று ஒப்பண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

மற்ற வீட்டுக்காரர்கள், போனால் போகட்டும் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய ஆட்கள் போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் ரோட்டில் நின்று சத்தம் போட்டேன்.

“எனக்கும் ஒரு ஒப்பு போட்டுத் தாருங்க. எனக்க வீட்டுக்காரருக்க வாயை ரெண்டாமத்த தடவை அடச்சது நானாக்கும்ணு எழுதித் தாருங்க!”

அந்த மனிதர் உண்மையாகவே நோட்டை விரித்து, நான் சொன்னதை அப்படியே எழுதி, கீழே ஒப்பு போட்டு, தாளைக் கிழித்து என் கையில் தந்தார். மழையில் நனைந்தபடி நடந்து போனார்.

மூன்று சனிக்கிழமை வரவில்லை. செல்லையன் வாசலையே பார்த்துக் கிடந்தார். நாலாவது சனிக்கிழமை வெறுங்கையோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

“எனக்கு ஞாபகம் இருக்கியதைச் சொல்லுதேன்” என்று ஆரம்பித்தார். “‘இங்கத்த மீனுக்கு மணமே கெடையாது. பொழியூர் மீன் செத்த பிறவும்...’”

கட்டிலில் ‘ம்ம்’ என்று ஒரு சத்தம். செல்லையன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். முகத்தில் அப்படி ஒரு கோபம்.

“பூவாறு அண்ணா, பூவாறு” என்றேன். தலை நின்றது.

“எலே செல்லையா, தெற்றிப்போச்சு மக்கா. நீயே திருத்து.”

இப்படியாக வாரம் ஒன்று, இரண்டு என்று ஒப்பண்ணன் சொல்வார், செல்லையன் தலையை ஆட்டுவார், நான் நோட்டில் எழுதுவேன். பன்னிரண்டு வருஷம் எழுதிய கடிதம் பாதி நோட்டுக்குக்கூட வரவில்லை. சிலதுக்குத் தலை உண்டு, உடம்பு இல்லை. அந்தக் கடைவாய்ச் சிரிப்பு திரும்பி வரவே இல்லை. சொந்த வார்த்தையை அடுத்தவர் தப்பாகச் சொன்னால் யாருக்குச் சிரிப்பு வரும்? கடைசியில் ஒப்பண்ணனுக்கு நினைவில் இருந்ததும் தீர்ந்துபோனது. சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை வந்தவர், உட்காரவில்லை. பழையபடி நின்றார். “ஒண்ணு விட்டுப்போச்சு” என்று சொல்லிவிட்டு, அதே தந்திக் குரலில் ஆரம்பித்தார்.

“‘நீ கடையில நிண்ணு இன்னொருத்தன் வாயால இதைக் கேக்கணும்ணு எனக்குத் தெரியும். அதனாலயாக்கும் மீனைப் பற்றியும் கோழியைப் பற்றியும் எழுதுதேன். இங்க நூறு பேருக்குப் பொங்குதேன். உப்பு பாத்துச் சொல்ல நீ இல்ல. இத்தனை வருஷமா நான் பொங்கினது சரியா தப்பாண்ணு எனக்குத் தெரியல்ல.’”

அப்படி ஒரு கடிதம் எனக்கு வந்ததே இல்லை. வந்திருந்தால் மறந்திருப்பேனா? ஒப்பண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் செல்லையனைப் பார்த்தேன். இப்போது ஆட்டுவார், இப்போது ஆட்டுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தலை அசையவில்லை. கண் மட்டும் என்மேல் இருந்தது.

நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தையெல்லாம் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். நகலெடுப்பது, நகர்த்துவது என்பதெல்லாம் சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். ஒப்பண்ணனிடம் மட்டும் கேட்க வேண்டாம். இப்போதுதான் அவர் எங்கள் வீட்டில் கொஞ்சம் தலை நிமிர்ந்து சாயா குடிக்கிறார்.