அமுக்கு அண்ணாச்சியும் எனாமல் சுவரும்

ராஜபாளையத்தில் அமுக்கு அண்ணாச்சியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும் அவருக்கு அடுத்த இடம்தான். ஆணியில் தொங்கும் எதையும் அவர் நம்ப மாட்டார். எங்கள் பேண்டேஜ் கம்பெனிக்குள் நுழைந்ததும் காலண்டர், கடிகாரம், சுவிட்ச் போர்டு எல்லாவற்றையும் சுவரோடு ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் வேலையில் உட்காருவார்.

அவரோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவது இன்னும் கொடுமை. ஊர் வரும்வரை ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே வருவார். "டிக்கெட் எடுக்க ஒரு கையவாச்சும் எடுங்க அண்ணாச்சி" என்று கண்டக்டர் கெஞ்சினால், என் சட்டைப் பையைக் கண்ணால் காட்டுவார்.

போன வருஷம் யாரோ பெரிய மனிதர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள் என்று முதலாளி பேக்கிங் அறைச் சுவருக்கு எனாமல் பெயின்ட் அடித்தார். சுவர் வழுவழுவென்று மின்னியது. அதில் சாம்பிள்கள் ஒட்டிய பெரிய மரப்பலகையை மாட்டினார்கள். அதற்கு நேர்கீழே, காலில் மாவுக்கட்டோடு செல்வியக்கா தரையில் உட்கார்ந்து பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கால் நீட்ட அங்கேதான் இடம்.

"ஏட்டி செல்வி, நகந்து உக்காரு. ஆணி பல்லிளிக்குது."

"போங்க அண்ணாச்சி, நீங்க பாத்தா மலையும் ஆடும்."

மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டது. அண்ணாச்சி பாய்ந்து பலகையைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார். நின்றது. நான் மூச்சு விடுவதற்குள் மெல்ல வழுக்கியது. கீழே அக்கா தலைக்கு ஒரு முழம்தான் மிச்சம்.

அக்காவை இழுக்கக் குனிந்தேன்.

"அவள விடுலே! கை வேர்க்குது, வழுக்குது. முதல்ல என் கையில துணியச் சுத்து, பொறவு இழு!"

பயந்தால் வேர்க்கும், வேர்த்தால் வழுக்கும், வழுக்கினால் இன்னும் பயம். தோளையும் நெற்றியையும் முட்டுக்கொடுத்து அவர் அமுக்க, ஒரு கைக்குப் பின் மறுகையாகப் பேண்டேஜ் துணியைச் சுற்றினேன். அவ்வளவு நேர்த்தியாக நான் எந்தச் சரக்கையும் சுற்றியதில்லை. சொரசொரத்த துணி மரத்தைக் கவ்விக்கொண்டது. அவர் பல்லைக் கடித்து மறுபடி அமுக்கினார். பலகை அசையவில்லை. அக்காவைத் தரதரவென்று இழுத்தேன். "ஐயோ என் காலு!" என்று அவள் போட்ட சத்தத்தில் டீக்குப் போனவர்கள் ஓடிவந்து பலகையை இறக்கினார்கள்.

அண்ணாச்சியின் கைகள் மட்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. செல்வியக்கா அவற்றைத் தன் மடியில் வைத்து, நான் சுற்றிய துணியைப் பிரித்தாள். நடுக்கம் அடங்கும்வரை விடவில்லை.

எனக்கு ஓர் ஆபத்து என்றால் தைரியசாலி யாரும் வரவேண்டாம். அந்த மனுஷன் பயந்துகொண்டே பக்கத்தில் நின்றால் போதும்.