செருப்பு மாட்டும் இடத்தில் கிடைத்த விமர்சனம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. பார்வையாளர்கள் ஒன்பது பேர். இயக்குநர் யாழினி.

யாழினி என் தங்கை மகள். கல்லூரியில் சினிமா படிக்கிறாள். பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்றை எடுத்து, அரைகுறையாக வெட்டி ஒட்டி வைத்திருந்தாள்.

"வெளியாளுங்க நாலு பேருக்குப் போட்டுக் காட்டு. அவங்க சொல்ற குறையைத் திருத்திட்டு வந்தாத்தான் கல்லூரி விழாவுல சேர்ப்பேன்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

என் வேலை சுலபம். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவியில் படத்தைப் போட்டு, தெருக்காரர்களிடம் குறை வாங்கித் தர வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். படம் ஒரு சாவு வீட்டுக் கதை. பங்காளிகள் தோட்டத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். நடுவில் பிணம் கிடக்கிறது. பிணம் நான்தான்.

வசனமில்லாத வேடம் என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்பது நிமிடம் நான் வருகிறேன். கதாநாயகனுக்கே நாலு நிமிடம்தான்!

படம் முடிந்தது. யாழினி எழுந்து நின்றாள். "என்ன குறை இருந்தாலும் சொல்லுங்க. திட்டினாலும் சரிங்க."

"நல்லா இருக்குதுங்க கண்ணு" என்றார் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள்.

"அருமைங்க" என்றார் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சுந்தரம்.

"குறைன்னு எதைங்க சொல்றது? கேசரி கூட நல்லா இருந்துச்சுங்க" என்றார் இன்னொருவர்.

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எதிர்வீட்டு நாச்சிமுத்து அண்ணன் மட்டும் ஆட்டவில்லை. படத் தொடக்கத்தில் எழுத்து ஓட ஆரம்பித்தபோதே சோபாவில் தூங்கிவிட்டார்.

யாழினி என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். முகம் சுண்டியிருந்தது. "மாமா, எல்லாருமே நல்லா இருக்குன்னா நான் எதைத் திருத்தறது? விழா போச்சு!"

நான் சிரித்தேன். "நம்ம சனம் அடுத்தவங்க ஊட்டுக்குள்ள உக்காந்துட்டுக் குறை சொல்லாது கண்ணு. வெளிய போய்ச் செருப்பு மாட்டறப்பத்தான் சொல்லும். நீ பேசாம இரு."

முப்பது வருடம் செய்தித்தாளில் குப்பை கொட்டியவன். இதுகூடத் தெரியாதா! பின்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றி ஓடி, வாசலில் நின்ற என் காருக்குப் பின்னால் குந்தினேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். செருப்புகள் சரசரத்தன.

"பிள்ளை நல்லாத்தானுங்க எடுத்திருக்குது" என்றார் சுந்தரம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பிள்ளையை யாருங்க குறை சொன்னா? அந்தப் பொணம்!" என்றார் ரத்தினம்மாள்.

"அய்யோ, ஆமாங்க! வகுறு ஏறி ஏறி இறங்குது!"

"பொம்பளைங்க வந்து அழுவறாங்களே, அப்ப ஒத்தக் கண்ணைத் தொறந்து யாருன்னு பாத்துச்சுங்க!"

"அதாச்சும் பரவால்லீங்க. மாலை போட வந்தா, தலையைத் தூக்கிக் குடுக்குதுங்க!"

"மரியாதை தெரிஞ்ச பொணமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அடக்க முடியாமல் ஒருவர் இருமினார்.

"அப்பறம் ஏனுங்க அம்மணி, உள்ள இதைச் சொல்லலை?" என்று சுந்தரம் கேட்டார்.

"நல்லாக் கேட்டீங்க! அவரு ஊட்டுல உக்காந்து, அவரு கேசரியைத் தின்னுபோட்டு, உங்க பொணம் சரியில்லீங்கன்னு எப்படிங்க சொல்றது?"

அந்த நேரம் பார்த்து எனக்குக் கால் மரத்துப் போனது. சாய்ந்தேன். கார் மேலேயே சாய்ந்தேன். கார் அலற ஆரம்பித்தது. தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. சாவியோ வீட்டுக்குள் இருந்தது!

ரத்தினம்மாள் காரைச் சுற்றி வந்தார். "ஏனுங்க, இங்க குந்திட்டு என்னங்க பண்றீங்க?"

"டயர்ல காத்து இருக்குதான்னு பாக்கறனுங்க."

ஒரு நொடிதான். எட்டு முகத்திலும் பழைய மரியாதை வந்து உட்கார்ந்தது.

"உங்களைப் பத்தித்தானுங்க பேசிட்டிருந்தோம்" என்று அலறலுக்கு மேல் கத்தினார் சுந்தரம். "அந்த வேசத்துக்கு உங்களை உட்டா வேற ஆளே கெடையாதுங்க! வாரோமுங்க!"

சாவியைத் தேடி எடுத்து அலறலை நிறுத்தினேன்.

"என்ன மாமா சொன்னாங்க?" என்றாள் யாழினி.

அடுத்தவர் எழுதியதை வெட்டியே சம்பளம் வாங்கியவன் நான். கேட்டதையும் வெட்டினேன். "பாட்டு கொஞ்சம் சத்தமாம். எழுத்து சின்னதா இருக்குதாம். வேற ஒண்ணுமில்லை."

செருப்பு வைக்கும் இடம் கூடத்துச் சன்னலுக்குக் கீழே இருக்கிறது. சன்னல் அகலத் திறந்திருந்தது. அதை அப்போதுதான் கவனித்தேன்.

யாழினி என் முகத்தைப் பார்க்கவில்லை. சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் அப்படி அலறியிருக்கிறது. என் மனைவி திடுக்கிட்டுப் பாத்திரத்தை வேறு கீழே போட்டிருக்கிறாள். நாச்சிமுத்து அண்ணன் அசையவில்லை. வயிறுகூட ஏறி இறங்கவில்லை.

என் மனைவி பயந்து அவர் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். "உசுரு இருக்குதுங்க" என்றாள்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க..." என்று ஆரம்பித்தாள் யாழினி.

நானும் இந்த ஊர்க்காரன்தானே. "ரொம்ப நல்ல யோசனை கண்ணு" என்றேன். சொல்ல வேண்டியதை வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு சொன்னேன்.

என்னுடைய ஒன்பது நிமிடத்தையும் அடுத்த வாரம் நாச்சிமுத்து அண்ணனைப் படுக்க வைத்துத் திரும்ப எடுத்தார்கள். மார்ச் மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை கல்லூரி விழாவில் படம் போட்டார்கள். சிறந்த நடிகருக்கான பரிசு பிணத்துக்குக் கிடைத்தது.